ஆண்களுக்கான கருத்தடை: அறுவைக்கு முன்னும் பின்னும்

ஆண் கருத்தடை அறுவையைப் பற்றிப் பேசுவதற்குக் கிராமங்களுக்குப் போனால், திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர் இதைக் கேட்காமல் விடுவதில்லை: "ஏன் சார், காளைக் கன்னுக்குக் காயடிக்கிற மாதிரிதானே இதுவும்?" மற்றவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பவர்கள் மனத்திலும் அதே கேள்விதான் இருக்கிறது. கேட்டவர் வாய்விட்டுக் கேட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். இதற்குச் சரியான பதில் சொல்லாமல், "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டு வருவதில் பயன் இல்லை. ஆகவே முதலில் இதையே பார்த்துவிடுவோம்.

காயடிப்பது எப்படி என்று விவசாயிகளுக்கு நாம் சொல்லித் தரவேண்டியதில்லை. முன்பு கிட்டி போட்டு நசுக்கினார்கள். இப்போது கால்நடை மருந்தகத்தில் பர்டிசோ என்னும் இடுக்கியை உபயோகிக்கிறார்கள். தோலைக் கிழிப்பதில்லை, விதையை வெளியே எடுப்பதுமில்லை. விதைக்கு மேலே விரலுக்குத் தட்டுப்படும் கொடியை அப்படியே இடுக்கியில் வைத்து நசுக்கி விடுகிறார்கள். சில வாரங்களில் விதை சுருங்கிப் போகிறது. காளை எருதாகிறது. இதைக் கண்ணால் பார்த்த ஒருவர், "அங்கேயும் விதையை எடுக்கல, இங்கேயும் எடுக்கல, அங்கேயும் குழாயைத்தான் நசுக்கறாங்க, இங்கேயும் குழாயைத்தான் வெட்டறாங்க, அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டால் அது விவரம் தெரிந்த கேள்வி. கேட்டவரைப் படிப்பில்லாதவர் என்று தள்ளிவிடக் கூடாது.

வித்தியாசம் அந்தக் கொடிக்குள்ளே இருக்கிறது. அது ஒரே குழாய் அல்ல. விதைக்கு இரத்தம் கொண்டு போகும் நாளமும், இரத்தத்தைத் திரும்பக் கொண்டு வரும் நாளங்களும், நரம்புகளும், இவற்றோடு விந்துக்குழாய் ஒன்றும் சேர்ந்ததுதான் அந்தக் கொடி. பர்டிசோ இடுக்கி இவை எல்லாவற்றையும் சேர்த்து நசுக்குகிறது. இரத்த ஓட்டம் நின்று போவதால் விதை செத்துப் போகிறது. ஆண் கருத்தடையில் மருத்துவர் செய்வது வேறு. கொடிக்குள் இருக்கும் விந்துக்குழாயை மட்டும் விரலால் தடவிப் பிரித்து எடுத்து, அதை மாத்திரம் கட்டித் துண்டிக்கிறார். இரத்த நாளங்கள் அப்படியே இருக்கின்றன. விதைக்கு வேண்டிய இரத்தம் முன்போலவே வந்து போய்க்கொண்டிருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வரும் வாய்க்காலை அடைப்பது ஒன்று. வயலிலிருந்து களத்துக்குப் போகும் வண்டிப்பாதையை அடைப்பது வேறொன்று. பாதையை அடைத்தால் பயிர் வாடுமா?

விதை செய்யும் வேலை இரண்டு. ஒன்று, உயிரணுக்களை உண்டாக்குவது. இவை விந்துக்குழாய் வழியாக மேலே போகின்றன. மற்றொன்று, டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்பு நீரை உண்டாக்குவது. மீசை, தாடி, கனத்த குரல், தசைவலு, ஆசை எல்லாம் இந்தச் சுரப்பு நீரால் வருபவை. இது விந்துக்குழாய் வழியாகப் போவதே இல்லை, நேராக இரத்தத்தில் கலக்கிறது. ஆகவே குழாயைக் கட்டினாலும் ஆண்மைக்குக் காரணமான சுரப்பு நீர் ஒரு சொட்டும் குறைவதில்லை. உயிரணுக்கள் தொடர்ந்து உண்டாகும்; வெளியே போக வழியில்லாததால் உடலே அவற்றைக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். எங்கேயும் தேங்கி நின்று வீங்குவதில்லை.

விந்து நின்று போகுமா என்றும் கேட்கிறார்கள். போகாது. விந்தில் பெரும்பகுதி விந்துப்பையிலிருந்தும், சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள புராஸ்டேட் சுரப்பியிலிருந்தும் வருவது. உயிரணுக்களின் பங்கு அதில் மிகச் சொற்பம். அறுவைக்குப் பிறகு வரும் விந்தைப் பார்த்து மனைவிக்கும் வித்தியாசம் தெரியாது, தமக்கும் தெரியாது. பரிசோதனைக் கூடத்தில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

விதையையே எடுத்துவிடும் அறுவையும் மருத்துவத்தில் உண்டு என்பதை மறைக்கவேண்டியதில்லை. வயதானவர்களுக்கு வரும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு, அந்தச் சுரப்பு நீரை நிறுத்துவதற்காகவே இரண்டு விதைகளையும் எடுப்பார்கள். இப்படிச் செய்தால் நோய் அடங்குகிறது என்பதை அமெரிக்காவில் மருத்துவர் ஹக்கின்ஸ் 1941-ல் எடுத்துக் காட்டினார்; 1966-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. திருநங்கையர் சிலர் மருத்துவ ஆலோசனை பெற்று, தம் சொந்த விருப்பத்தின் பேரில் இந்த அறுவையைச் செய்துகொள்கிறார்கள். அந்த அறுவைக்குப் பிறகு ஆசை குறையும். திடீர் திடீரென்று உடம்பு கொதிப்பது போலிருக்கும். நாளடைவில் எலும்பு வலுவிழக்கும். அது வேறு காரியம், வேறு தேவைக்குச் செய்வது. குடும்ப நல மருத்துவமனையில் செய்யும் கருத்தடைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டதால்தான் பாதிப் பயம்.

மீதிப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில், முக்கியமாக வட மாநிலங்களில், விருப்பமில்லாதவர்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அறுவை செய்த கொடுமை நடந்தது. 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள்; அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. 1977-ல் குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரையே குடும்ப நலம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது, பயம் மாறவில்லை. அன்றிலிருந்து ஆண்கள் ஒதுங்கிக்கொள்ள, பாரம் முழுவதும் பெண்கள் தலையில் விழுந்தது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு ஒன்று.

பெண்ணுக்குச் செய்யும்போது வயிற்றைத் திறக்கவேண்டும். ஆணுக்கு ஒரு சின்னத் துளை போதும், வயிற்றைத் தொடவே வேண்டாம். இரத்தசோகை, இருதய நோய், ஆஸ்துமா உள்ள தாய்மார்கள், இரண்டு முறை சிசேரியன் ஆகி உடம்பு தேறாதவர்கள் இவர்களைக் கணவன்மார் அழைத்து வந்து, "இவளுக்கே பண்ணிடுங்க டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பதை எல்லா ஆஸ்பத்திரிகளிலும் பார்க்கலாம். அந்தத் தாய்மார்களின் உடம்புக்கு ஆபத்து வரக்கூடிய இடத்தில், கணவன் பத்து நிமிடம் மேஜையில் படுத்தால் காரியம் முடிந்துவிடும். இந்தப் பிரசுரம் முக்கியமாக அந்தக் கணவன்மார்களுக்காக எழுதப்பட்டது.

யார் செய்துகொள்ளலாம்?

திருமணமானவராகவும், 60 வயதுக்கு உட்பட்டவராகவும் இருக்கவேண்டும். ஒரு குழந்தையாவது இருக்கவேண்டும், அதற்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும். மனைவி ஏற்கெனவே கருத்தடை செய்துகொண்டிருந்தால் இவருக்குத் தேவையில்லை. கையெழுத்துப் போடவேண்டியவர் அறுவை செய்துகொள்பவர் மட்டுமே. மனைவியின் கையெழுத்து வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனாலும் கையெழுத்து வேறு, கலந்து பேசுவது வேறு. மனைவியிடம் சொல்லாமல் வந்து செய்துகொண்டு போவது நல்ல வழக்கம் அல்ல.

படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டவேண்டியது எங்கள் கடமை. 2016-ல் உச்ச நீதிமன்றமும் இதை வற்புறுத்தியிருக்கிறது. புரியவில்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். மேஜையில் ஏறும் முன்பு மனம் மாறினாலும் எழுந்து போகலாம். அதனால் ரேஷன், உதவித்தொகை எதுவும் நிற்காது. அரசு கொடுக்கும் 1,100 ரூபாய் நீங்கள் இழக்கும் கூலிக்கு ஈடாகத் தரப்படுவது. அந்தப் பணத்துக்காக யாரும் வரவேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இதை நிரந்தரமானது என்றே எண்ணிக்கொண்டு வாருங்கள். அறுத்த குழாயை மறுபடி இணைக்கும் அறுவை உண்டுதான். ஆனால் அது நுட்பமான பெரிய வேலை, பலன் நிச்சயம் இல்லை. "பின்னால பார்த்துக்கலாம்" என்ற நினைப்பு இருந்தால் இப்போதைக்கு நிரோத் உறையோ, வேறு தற்காலிக முறையோ போதும்.

வருவதற்கு முன்

ஒரு நாள் முன்னதாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ வந்து பரிசோதித்துக்கொள்வது நல்லது. சிறுநீரில் சர்க்கரை பார்ப்பார்கள், இரத்தம் பார்ப்பார்கள், விதைப்பையைத் தொட்டுப் பார்ப்பார்கள். விரைவீக்கம், குடலிறக்கம், யானைக்கால் வீக்கம், விதைப்பையில் நாளப் புடைப்பு இருந்தால் அதை மறைக்கக் கூடாது. சிலருக்கு இரண்டையும் ஒரே சமயத்தில் சரிசெய்ய முடியும். அதைப் பெரிய மருத்துவமனையில் செய்வார்கள். தொடையிடுக்கில் படை, சிரங்கு, புண், காய்ச்சல் இருந்தால் அது ஆறிய பிறகு வாருங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டு வந்துவிட்டு வரவேண்டும். இருதய நோய்க்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டு வாருங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா வேண்டாமா என்பதை மருத்துவர் சொல்லட்டும். முன்பு எப்போதாவது பல் பிடுங்கும்போது போட்ட மரத்துப்போகும் ஊசி ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் அதையும் கட்டாயம் சொல்லவேண்டும்.

அன்று காலையில் சோப்புப் போட்டு நன்றாகக் குளித்துவிட்டு, துவைத்த தளர்ந்த உடை உடுத்தி வாருங்கள். வீட்டில் பிளேடு வைத்து மழிக்கவேண்டாம். தோல் கீறிப்போனால் அதுவே சீழ் பிடிக்க வழி. மயிர் கத்தரிக்க வேண்டுமானால் இங்கே கத்தரித்துவிடுவார்கள். வெறும் வயிற்றோடு வராதீர்கள். இரண்டு இட்லியோ கொஞ்சம் கஞ்சியோ சாப்பிட்டுவிட்டு வரலாம். பட்டினியும் பயமும் சேர்ந்தால்தான் தலை சுற்றுகிறது. "தைரியத்துக்கு" என்று குடித்துவிட்டு வருகிறவர்களை அன்றைக்குத் திருப்பி அனுப்பிவிடுவோம். இறுக்கமான ஜட்டியோ லங்கோடோ சுத்தமாக ஒன்று கொண்டு வாருங்கள். திரும்பும்போது சைக்கிளையோ மோட்டார் சைக்கிளையோ நீங்கள் ஓட்டக் கூடாது. அண்ணன், தம்பி, மச்சான் யாராவது ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.

மேஜையில் நடப்பது

இப்போது செய்வது கத்தியில்லாத முறை. சீனாவில் மருத்துவர் லீ சுன்சியாங் 1974-ல் உருவாக்கிய இம்முறை 1990-களில் நம் நாட்டில் பரவியது. முன்பு போலக் கத்தியால் இரண்டு பக்கமும் கீறித் தையல் போடுவதில்லை. விதைப்பையின் நடுவில் தோலில் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி குத்தும்போது எறும்பு கடித்தாற்போல் சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். பிறகு கூர்மையான சிறு இடுக்கியால் ஒரே ஒரு துளை. அதன் வழியாக முதலில் ஒரு பக்கத்து விந்துக்குழாயை வளையமாக வெளியே இழுத்து, ஒரு சிறு துண்டை எடுத்துவிட்டு முனைகளைக் கட்டி உள்ளே விடுவார்கள். அதே துளை வழியாக மறுபக்கமும். குழாயை இழுக்கும்போது அடிவயிற்றில் ஏதோ பிடித்து இழுப்பது போலத் தோன்றும். அது வலி அல்ல. ஆனால் முன்கூட்டியே சொல்லாவிட்டால் பயந்து துள்ளிவிடுவார்கள், அதனால் சொல்லி வைக்கிறேன். எல்லாம் பத்துப் பதினைந்து நிமிடம். நினைவு முழுவதும் இருக்கும், டாக்டரோடு பேசிக்கொண்டே இருக்கலாம். தையல் கிடையாது. துளையின் மேல் துணி வைத்து ஒட்டி, அரைமணி நேரம் படுக்கவைத்து அனுப்பிவிடுவார்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

அன்று முழுவதும் ஓய்வு. படுத்திருங்கள், அல்லது சாய்ந்து உட்கார்ந்திருங்கள். ஐஸ்கட்டி கிடைத்தால் துணியில் சுற்றி அவ்வப்போது விதைப்பைமேல் பத்து நிமிடம் வைக்கலாம். நேராகத் தோலில் வைக்கக் கூடாது. வலித்தால் கொடுத்தனுப்பிய பாரசிட்டமால் மாத்திரை போதும். லங்கோடு அல்லது ஜட்டி இரவும் பகலும் இறுக்கமாகவே இருக்கட்டும், ஒரு வாரம் வரைக்கும். விதைப்பை தொங்கினால்தான் வலியும் வீக்கமும். 24 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம், கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நனைந்துவிட்டால் மாற்றவேண்டும். 48 மணி நேரத்துக்குப் பிறகு கட்டை எடுத்துவிடலாம்.

சாப்பாட்டில் பத்தியம் எதுவும் இல்லை. பாட்டிமார்கள் கத்தரிக்காய் ஆகாது, கருவாடு ஆகாது என்பார்கள். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிடலாம். துளை வாயில் மஞ்சள், சாம்பல், காப்பித்தூள் எதுவும் வைக்காமலிருந்தால் போதும்.

இரண்டு நாள் கழித்து இலேசான வேலைகளுக்குப் போகலாம். கடையில் உட்காருவது, ஆபீஸ் வேலை, பள்ளிக்கூடம் இவற்றுக்குத் தடை இல்லை. மூட்டை தூக்குவது, ஏர் ஓட்டுவது, கரும்பு வெட்டுவது, சைக்கிள் மிதிப்பது இவை ஒரு வாரம் கழித்து. "இதுக்கப்புறம் பளு தூக்கவே கூடாதாமே, உடம்பு போயிடுமாமே" என்று சுமைதூக்கும் தொழிலாளர்கள் அதிகம் கேட்கிறார்கள். தசையும் எலும்பும் அப்படியே இருக்கும்போது பலம் எங்கே போகும்? ஒரு வாரம்தான் கணக்கு. பனை, தென்னை ஏறுகிறவர்கள் மட்டும் மரத்தை அணைத்து ஏறும்போது அந்த இடத்தில் உராய்வு இருப்பதால், வலி முழுவதும் போன பிறகு ஏறுவது நல்லது.

விதைப்பைத் தோல் இரண்டொரு நாளில் கருநீலமாகக் கன்றிப்போகலாம். பார்ப்பதற்குப் பயமாக இருக்கும், தானே மறைந்துவிடும். கட்டிய இடத்தில் பட்டாணி அளவு ஒரு முண்டு கைக்குத் தட்டுப்படுவதும் சகஜம். ஆனால் வீக்கம் நாளுக்கு நாள் பெரிதாகிக்கொண்டே போனால், இரத்தம் நிற்காமல் கசிந்தால், சீழ் வந்தால், காய்ச்சல் வந்தால், மாத்திரைக்கும் அடங்காத வலி இருந்தால் ராத்திரி என்றும் பாராமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். உள்ளூர் மருந்துக்கடையில் ஊசி போட்டுக்கொண்டு ஒரு நாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு மாதக்கணக்கில் மந்தமான வலி நீடிப்பதும் உண்டு. அதற்கும் வைத்தியம் இருக்கிறது. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம்.

மூன்று மாதக் கெடு

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான், அதிகம் பேர் கோட்டை விடுவதும் இதில்தான். மேல்தொட்டியின் வால்வை மூடிவிட்டாலும், குழாயில் ஏற்கெனவே நிற்கும் தண்ணீர் கொஞ்ச நேரம் வந்துகொண்டுதானே இருக்கும்? அதுபோலக் கட்டுப் போட்ட இடத்துக்கு அப்பால் முன்பே போய்விட்ட உயிரணுக்கள் உள்ளே தங்கியிருக்கும். முன்பெல்லாம் இருபது தடவை என்று கணக்குச் சொல்வார்கள். தடவைக் கணக்கை நம்பவேண்டாம்; மூன்று மாதம் முழுவதும் நிரோத் உறை அணிய வேண்டும், அல்லது மனைவி வேறு தற்காலிக முறையைக் கடைப்பிடிக்க வேண்டும். தாம்பத்திய உறவை இரண்டு மூன்று நாள் கழித்து, வலி இல்லாவிட்டால் தொடங்கலாம். ஆனால் உறை இல்லாமல் கூடாது.

மூன்று மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனைக்கு வரவேண்டும். உயிரணு இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த பிறகுதான் அறுவை முழுமையானதாகக் கணக்கு. அதற்குப் பிறகுதான் சான்றிதழ். இன்னும் உயிரணு இருந்தால் மாதம் ஒரு முறை திரும்பப் பரிசோதிப்பார்கள், அதுவரை உறையை விடக்கூடாது. பலர் இந்தப் பரிசோதனைக்கு வருவதே இல்லை. பாட்டிலில் விந்து கொண்டுபோய்க் கொடுக்கக் கூச்சம். நர்சம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருந்தால் சுகாதார ஆய்வாளரிடம் தனியாகக் கேளுங்கள், அவர் ஏற்பாடு செய்வார்.

பரிசோதனையில் தேறிய பிறகும், ஏறத்தாழ 2,000 பேரில் ஒருவருக்கு அறுந்த குழாய் முனைகள் தாமே இணைந்துகொண்டு மனைவி கருத்தரிப்பது உண்டு. ஆகவே மனைவிக்கு நாள் தள்ளிப்போனால் இருவரும் சேர்ந்து மருத்துவமனைக்கு வாருங்கள். "ஆபரேஷன் பண்ணினவனுக்கு எப்படிப் பிள்ளை வரும்" என்று ஊரும் உறவும் வாய்க்கு வந்தபடி பேசும். அந்தப் பேச்சைக் கேட்டுக் குற்றமற்ற ஒரு பெண்ணைக் கணவனே தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது மகா பாவம். முதலில் உங்கள் விந்தைப் பரிசோதிக்கக் கொடுங்கள். உயிரணு இருந்தால் அறுவைதான் தோற்றது. அப்படித் தோற்றுப்போனால் அரசின் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. தெரிந்த 90 நாட்களுக்குள் மருத்துவமனைக்குத் தெரிவித்து மனுக் கொடுக்கவேண்டும்.

கருத்தடை அறுவை எய்ட்ஸ் முதலான பால்வினை நோய்களைத் தடுக்காது. அதற்கு உறைதான்.

சான்றிதழையும், கையெழுத்திட்ட படிவத்தின் நகலையும் ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இழப்பீட்டு மனுவுக்கு இவைதான் வேண்டியிருக்கும். ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண் கருத்தடை இருவார விழா நடைபெறுகிறது. அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை, எந்த நாளில் எந்த மருத்துவமனையில் செய்கிறார்கள் என்பதை உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டுக்கொள்ளலாம்.